சாட்சி சொல்ல அழைத்த மகனுக்கு

நல்லூர்
5.9.2006

மகனுக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுத் தங்கமணி எழுதுகிறாள்.

வரும் ஞாயிறு உன் சபையில் நான் எழுந்து, உன் அம்மா ஸ்தோத்திரம் சொல்லியபடியே கண்மூடினாள் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்கிறாய். இருபது வருஷம் சாயப்பட்டறையில் ஓனருக்காகக்கூட நான் பொய் சொன்னதில்லை. கர்த்தர் பேரில் சொல்வேனா?

அவள் கடைசியாகக் கேட்டது, “தம்பி வந்துட்டானா?” என்றுதான். காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளும் அதையே கேட்டாள். நீ குன்னத்தூர்க் கூட்டத்தில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தாய். ஒரு மணி நேரப் பஸ்தான். ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, போனில் கூப்பிட்டு, “விசுவாசமா இருங்கப்பா, எல்லாத்துக்கும் நன்றி சொல்லுங்க” என்றாய்.

கர்த்தரை நான் விடவில்லை. என் கோபம் அவர் மேல் இல்லை.

பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, உன் அம்மாவுக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டியவள் இந்தத் தங்கமணி. இவள் கும்பிடுவது மாரியம்மனை.

“ஏனுங்க, என்ற பேரெல்லாம் எதுக்குங்க?” என்கிறாள்.

“நீ எழுதும்மா” என்றேன்.

ஞாயிறு வருகிறேன். இவளை அனுப்பியதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்வேன். இவள் பேரைச் சொல்லித்தான் சொல்வேன். நீ வராததையும் மறைக்க மாட்டேன். சம்மதமென்றால் மைக்கைக் கொடு.

முடியாதென்றால், ஜெபம் பண்ணுகிறேன் என்று இந்த வீட்டுப் படி ஏறாதே. அழுவதற்கு வருவதாக இருந்தால் வா.

உன் அப்பா
(கைரேகை)