பதினான்கு முதலாளிகள்

2024 அக்டோபர் 9

மேடத்தின் வாழ்க்கை வரலாற்றை இன்று நான்காவது முறையாக எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவர் சின்ன வயதில் பட்ட கஷ்டம் கொஞ்சம் கூடுகிறது. இந்த முறை மண்ணெண்ணெய் விளக்கில் நாட்டியம் பழகினார்.

விழுப்புரத்தில் ஒரு குழு ‘பன்முகப் பெண் ஆளுமை’ என்று விருது தருகிறதாம். கலை, கல்வி, தொழில், சமூகப்பணி நான்கிலும் கால் பதித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கலைப்பிரியா மேடத்துக்கு இருப்பது இரண்டு கால்தான். ஆனாலும் மாடியில் நாட்டிய வகுப்பு, கீழே தையல் கூடம், பின்கட்டில் மாலைப் பள்ளி, வாசலில் அறக்கட்டளை போர்டு என்று திண்டிவனத்தில் ஒரே கட்டடத்தில் நான்கையும் பதித்துவிட்டார். நான் ஆறு வருடமாக அங்கே ஒருங்கிணைப்பாளர். அதாவது மாலைப் பள்ளிக்கு டீச்சர், தையல் கூடத்துக்கு மேஸ்திரி, மேடைப் பேச்சில் மேடம்.

பதினேழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டோம். ‘எத்தனை பெண்களைத் தொழில்முனைவோர் ஆக்கியுள்ளீர்கள்?’

“தையல்ல எத்தன பேரு? பதினாலா? பதினாலுன்னு போடு.”

அவர்கள் கூலிக்குத்தானே தைக்கிறார்கள் என்றேன்.

“கூலிங்கிறது ஆரம்பம் புனிதா. தொழில்முனைவோர்ங்கிறது முடிவு. நீ முடிவ எழுது.”

எழுதினேன். ‘பதினான்கு பெண்கள் இன்று தையல் கூடத்தின் உரிமையாளர்களாக உயர்ந்து நிற்கிறார்கள்.’ உரிமையாளர் என்ற வார்த்தையை மேடம் சொல்லவில்லை. அது என் சொந்தச் சேர்க்கை. எம்.ஏ. தமிழ் படித்தது வீண் போகவில்லை.

அக்டோபர் 10

விண்ணப்பம் போய்விட்டது. இருபத்திரண்டு புகைப்படங்களுடன். இருபத்தொன்றில் மேடம் யாருக்காவது சால்வை போர்த்துகிறார், அல்லது யாராவது அவருக்குப் போர்த்துகிறார்கள். மீதி ஒன்றில் தையல் மெஷின் இருக்கிறது. அதற்கு மட்டும் சால்வை இல்லை.

நவம்பர் 12

விருதுக்குழுவிலிருந்து போன். உரிமையாளர்களில் ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். மேடம் வகுப்பில் இருந்தார். பக்கத்தில் சட்டைக் காலர் வெட்டிக்கொண்டிருந்த முனியம்மாளிடம் போனை நீட்டினேன். வேறு என்ன செய்ய?

முனியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினொரு வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் யூனிபார்மைத் தைக்கிறவர். போனில் கேட்டதைப் புருவம் அசையாமல் கேட்டுக்கொண்டார். “ஆமாங்க. நாந்தான் மொதலாளி. நாங்க பதினாலு பேருமே மொதலாளிங்கதான். நல்லா போய்க்கினு இருக்குதுங்க” என்று சொல்லி, போனைத் திருப்பித் தந்தார்.

பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“டீச்சர். நான் எப்பலேர்ந்து மொதலாளி?”

அக்டோபர் ஒன்பதிலிருந்து என்று சொல்ல முடியுமா?

நவம்பர் 14

விண்ணப்பத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் பதினான்கு பேரும் தூக்குவாளியைத் திறக்காமல் சுற்றி உட்கார்ந்தார்கள். படித்தேன். என் நடையை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் கேட்டதில்லை. ‘உயர்ந்து நிற்கிறார்கள்’ என்ற இடத்தில் அம்சவள்ளி மட்டும் சிரித்தாள். காலையிலிருந்து அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். முனியம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும் டீச்சர். அழிக்காதீங்க. மத்தத மாத்திக்கலாம்.”

மற்றது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் தெரிந்துவிடும்.

நவம்பர் 20

மேடத்துக்கு விருது உறுதி. ஜனவரியில் விழா. இனிப்பு தந்தார். நானும் சாப்பிட்டேன்.

நவம்பர் 29

புயல் வருகிறதாம். மேடம் சென்னைக்குப் போயிருக்கிறார். ‘நெருக்கடி காலத்தில் பெண் தலைமை’ என்று மூன்று நாள் கருத்தரங்கு.

டிசம்பர் 3

மூன்று நாளாக எழுதவில்லை. நோட்டே நனைந்துவிட்டது, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டிருக்கிறது.

ஞாயிறு காலை கிடங்கல் ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது. வந்தது என்று எழுதினால் ஏதோ விருந்தாளி மாதிரி இருக்கிறது. இடித்துக்கொண்டு நுழைந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முனியம்மாளும் அம்சவள்ளியும் இன்னும் ஏழு பேரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஒரு மெஷினுக்கு நாலு பேர். மெஷின் தலையைக் கழற்றி முந்தானையில் கட்டி, மாடிக்கு. மாடியில் நாட்டியக் கூடம். பர்மா தேக்குத் தளம். செருப்பு, ஈரக்கால், பெற்றோர் மூன்றுக்கும் அனுமதி கிடையாது என்று போர்டே உண்டு, நான் எழுதியதுதான். சாவி என்னிடம். ஒரு நிமிஷம் நின்றேன். உண்மையாகவே நின்றேன், வெட்கமாக இருக்கிறது. அம்சவள்ளி மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு, “ஜல்தி டீச்சர், கை விட்டுப் போவுது” என்றாள். திறந்தேன்.

மதியத்துக்குள் பதினாறு மெஷினும் மேலே. சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்து நாற்பது பேரும் மேலே. நடராஜர் சிலைக்கு முன்னால் ஒரு ஆடு.

மேடத்துக்கு ஒருவழியாக லைன் கிடைத்தது. முதல் கேள்வி, “மரத்தளம் எப்பிடி இருக்கு?”

டிசம்பர் 4

திங்கள் மாலையே மேடம் வந்துவிட்டார். நேற்று எழுத முடியாமல் விட்டதை இன்று எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

காரை மேட்டில் நிறுத்திவிட்டு, பட்டுப்புடவையை முழங்காலுக்கு வழித்துக்கொண்டு நடந்து வந்தார். பின்னாலேயே போட்டோக்காரர் ஆனந்தராஜ், கேமராவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு. ஆகா, நெருக்கடி காலத்துப் பெண் தலைமை வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாடியேறி வந்து தளத்தைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஆட்டை வெகு நேரம் பார்த்தார். ஒரு குழந்தையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். குழந்தை அழுததால் இன்னொன்று.

எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். அதன்பிறகு நடந்தது நான் எதிர்பார்க்காதது. “சாப்பாடு?” என்றார். காலையிலிருந்து பிஸ்கட்தான் என்றோம். திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தார், அங்கேதான் போனுக்குச் சார்ஜ் ஏறும். சால்வை போர்த்திய ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். இருபத்தொரு படத்தில் இருந்த அத்தனை பேரையும். அதிகாரி, மண்டபக்காரர், அரிசி ஆலைக்காரர், கோட்டக்குப்பத்தில் ஏதோ சங்கத்தின் தலைவர். கெஞ்சவில்லை. “உங்க கூட மேடையில உக்காந்தவ பேசறேன்” என்றார், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் பிரியாணி அண்டாவும் கோரைப் பாய்களும் கோட்டக்குப்பத்திலிருந்தே வந்துவிட்டன. மறுநாள் ஜெனரேட்டர்.

மூன்று வருடமாக அந்தப் படங்களைக் கிண்டல் செய்து இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அவை வெறும் படமில்லை போலிருக்கிறது. சோற்றுக்கு ஆகும்.

டிசம்பர் 7

பேப்பரில் வந்துவிட்டது. ‘தனியொருவராக நாற்பது பேரைக் காத்த நாட்டியக் கலைஞர்.’ படத்தில் மேடமும் இரண்டாவது குழந்தையும். மெஷின் தூக்கியதில் அம்சவள்ளிக்குத் தோள் இறங்கிவிட்டது, கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேப்பரைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

“இன்னா டீச்சர், நாங்க எல்லாம் எங்க போயிட்டோம்?”

நல்லவேளை, இதை எழுதியது நானில்லை. நானாக இருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 19

முனியம்மாள் நேராகவே மேடத்திடம் போய்க் கேட்டுவிட்டார். கூடத்தை எங்கள் பெயரில் ஒரு குழுவாகப் பதிவு செய்து கொடுங்கள் என்று. மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள் பத்திரம் எதற்கு என்றாராம். தேநீர் தந்தாராம்.

“டீ நல்லா இருந்துச்சி” என்றார் முனியம்மாள்.

2025 ஜனவரி 19

விழுப்புரம். விருது விழா.

பதினான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் புடவை. கிளிப்பச்சை. முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், வயல் மாதிரி இருந்தது. மேடம் நான் எழுதிய உரையைக் கண்ணில் நீரோடு வாசித்தார். ‘நான் விதைதான் போட்டேன்’ என்ற இடத்தில் கைத்தட்டல். எழுதும்போதே தெரியும் அங்கே தட்டுவார்கள் என்று.

பிறகு தொகுத்து வழங்கியவர், உரிமையாளர்களில் ஒருவர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். நிகழ்ச்சி நிரலில் இது இல்லை. முனியம்மாள் எழுந்தார்.

மைக்கை அவர் தொடவே இல்லை. தள்ளி நின்றுதான் பேசினார், ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க பதினாலு பேரும் மொதலாளிங்கன்னு அம்மா எழுதிக் குடுத்துருக்காங்க. டீச்சரு படிச்சிக் காட்டுனாங்க. ரொம்ப சந்தோசம். மெசினு, எடம், ஆர்டரு எல்லாம் இன்னும் அம்மா பேர்லதான் இருக்குது. எப்ப மாத்திக் குடுக்கறாங்கன்னு இங்கியே ஒரு தேதி சொல்லிட்டாங்கன்னா, நாங்க நிம்மதியா பஸ் ஏறிடுவோம்.”

அரங்கம் பலமாகத் தட்டியது. அவர்களுக்கு இது நன்றியுரை. மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அரங்கேற்றத்தில் சலங்கை அவிழும்போது சிரிக்கிற சிரிப்பு.

“அடுத்த மாசமே,” என்றார்.



ஜனவரி 20

நேற்று விழாவிலிருந்து மேடத்தின் காரில்தான் திரும்பினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் ஆரம்பித்தார். அவளுக்கு யார் படித்துக் காட்டியது? நான்தான். யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை. உரிமையாளர் என்று யார் எழுதியது?

“நாந்தான் மேடம். நீங்க தொழில்முனைவோர்னுதான் சொன்னீங்க.”

“ஆறு வருஷம் சோறு போட்டதுக்கு நல்லா எழுதின.”

சோறு அவர் போட்டாரா? உழைக்காமலா தின்னேன்? வாய் வரைக்கும் வந்தது, வெளிய வரல. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அவங்க வாயா நானே இருந்துட்டேன், எனக்குன்னு ஒரு வாய் நேத்துன்னு பார்த்து எங்க போச்சோ.

கூட்டேரிப்பட்டில் இறக்கிவிடச் சொன்னேன். இறக்கிவிட்டார். நாளை முதல் வர வேண்டாம் என்பதையும் அங்கேயே இறக்கினார்.

ஜனவரி 31

வேலை இல்லை. என் வீட்டுக்காரர் ஜெகதீசன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதை மிகவும் சத்தமாகச் செய்கிறார்.

பிப்ரவரி 18

விருதுக்குழு ஒரு விழா மலர் போடுகிறதாம். பதினான்கு உரிமையாளர்களும் தங்கள் கூடத்தில் பத்திரத்தோடு நிற்கும் படம் வேண்டும், அட்டைக்கு, என்று மேடத்துக்குக் கடிதம். முனியம்மாள் வந்து சொன்னார். மேடம் கடிதத்தை மூன்று முறை படித்தாராம், அட்டை என்ற இடத்தை மட்டும்.

பிப்ரவரி 26

பத்திரம் கைமாறிவிட்டது. குழுவின் தலைவி முனியம்மாள். பதினாறு மெஷினும் யூனிபார்ம் ஆர்டரும் குழுவுக்கு. கட்டடம் மேடத்துக்கே, ஆறு வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும். சாமியானா, குத்துவிளக்கு, ஆனந்தராஜ். இல்லாமல் எப்படி?

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், குழு செயலாளராக. எழுதத் தெரிந்த பாவத்துக்கு.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு கூடத்தில் மேடமும் நானும் மட்டும். பேசாமல் போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் மூலையில் இருந்த பழைய மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இதுலதான் ரெண்டு வருஷம் நானே தெச்சேன். அவரு உட்டுட்டுப் போனப்ப. பகல்ல கதவச் சாத்திக்கினு. டான்ஸ் டீச்சரு பாவாட தெக்கிறான்னு தெரிஞ்சா எவ பொண்ண அனுப்புவா?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“இத எந்த ஃபாரத்துலயும் கேக்கல. நீயும் கேக்கல.”

உண்மைதான். ஆறு வருடத்தில் அவருக்காக எத்தனை கஷ்டங்களைக் கற்பனை செய்தேன். ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் மண்ணெண்ணெய் மிச்சமாகியிருக்கும். அந்த மெஷினை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஆனந்தராஜ் வந்து, மேடம், ஒரு குரூப் போட்டோ என்றார். முகம் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 11

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்து ஒரு வாரம் ஆகிறது. தகரக் கூரை. வெயில் கூரையில் இல்லை, நேராக மண்டையில். முன்பக்கம் தையல், பின்பக்கம் மாலைப் பள்ளி. பிள்ளைகள் அவர்களாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நாட்டிய வகுப்பு மட்டும் எங்களிடம் இல்லை என்று அம்சவள்ளிக்குக் குறை.

ஏப்ரல் 23

பள்ளி திறக்க ஒன்றரை மாதம்கூட இல்லை. யூனிபார்முக்கு நடுவில் வெளி ஆட்களுக்கு ஜாக்கெட்டும் தைக்கிறோம். பெஞ்சில் எப்போதும் யாராவது இருப்பார்கள்.

பதினோரு மணிக்கு வாசலில் கார் நின்றது. மேடம். தனியாக வந்திருந்தார், ஆனந்தராஜ் இல்லை. கையில் துணிப்பை. உள்ளே வந்து நேராக வெட்டும் மேசைக்குப் போனார்.

“முனியம்மா, ஒரு ஜாக்கெட்டு. கை டைட்டா இருக்குது.”

முனியம்மாள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். டேப்பைக் கீழே வைக்கவில்லை.

“வாங்கம்மா. உக்காருங்க. மூணு பேரு முன்னாடி இருக்காங்க.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் எழுதவும் இல்லை. மேடம் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பெஞ்சில் மல்லாட்டை வியாபாரம் செய்கிற ஒரு அம்மா, வேர்க்கடலைக் கூடையைக் காலடிக்கு இழுத்து இடம் விட்டாள்.

உட்கார்ந்தார்.

நாற்பது நிமிஷம். மின்விசிறி அந்தப் பக்கம் எட்டாது. துணிப்பையால் விசிறிக்கொண்டார். அந்த அம்மா நீட்டிய மல்லாட்டையை முதலில் வேண்டாம் என்றார், பிறகு உரித்துத் தின்றார். யாருக்கும் போன் செய்யவில்லை. மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

அவர் முறை வந்தது. முனியம்மாள் டேப்பை உதறிக்கொண்டு, “கையத் தூக்குங்கம்மா” என்றார்.

மேடம் கையைத் தூக்கினார்.