ப்ராசஸர் மாற்றிய பிறகு உன் அம்மா சொன்னது

பாராநகர், கொல்கத்தா

அன்புள்ள ஜும்கிக்கு,

துர்க்கையை ஆற்றில் கரைத்தாயிற்று, பெரியவர்கள் பிள்ளைகளுக்கு விஜயா ஆசி எழுதுகிற நாள், அதனால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாவின் கால்கரிக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் கட்டிலில் இருக்கிற உன் அம்மாவுக்கு எல்லாம் கேட்கும், வாய்தான் போயிற்றே தவிர காது பாம்புக் காதாக இருக்கிறது, அதனால்தான் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன்.

அந்தப் பழைய லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் குழற ஆரம்பித்தபோது நீ வந்து அவள் குரலைப் பதிவு செய்து, எழுத்தைத் தட்டினால் அந்தக் குரலிலேயே பேசும்படி அதில் ஏற்றிக் கொடுத்தாயே, அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டதாம், வேறு மெஷினுக்கு மாற்ற முடியாதாம். போன வருஷம் விரலும் நின்றுபோய், கண்ணால் எழுத்தைப் பார்த்தால் காமிரா பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அதிலேயே சேர்த்தோம், கிழட்டு மெஷின் திணறிவிட்டது. ஒரு வார்த்தை வருவதற்குள் டீ ஆறிவிடும். ஆறின டீயைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன், மகாளயத்துக்கு மறுநாள் மெட்ரோ ஏறி சாந்தினி மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரன் தன்வீர், வயசானவர்களையெல்லாம் காகு என்று முறை வைத்துக் கூப்பிடுகிற, வாய் ஓயாத ஆள். இப்ப வர்ற லேப்டாப்ல எல்லாம் ப்ராசஸரைப் போர்டோட ஒட்டியே வச்சிடுறான் காகு, உங்களுது பழசு, கழட்டி மாட்டலாம், ஆனா நல்லா சூடாகும், மெத்தை மேல மட்டும் வச்சிடாதீங்க என்றான். உள்ளே குரல் இருக்கிறது, ஜாக்கிரதை என்றேன். குரலா, ஆயிரம் மெஷின் பிரிச்சிருக்கேன், இதுவரைக்கும் தூசியும் கரப்பானும்தான் பார்த்திருக்கேன் என்றான். எனக்கு அவனை அடிக்கலாம்போல இருந்தது. பிரிக்கும்போது பார்க்கப் பயந்து தெருவைப் பார்த்து நின்றேன். மாட்டி முடித்து அவன் ஏதோ தட்டினான், அந்தச் சந்தடிக்கு நடுவில் உன் அம்மா, மீன் குழம்புல உப்பே இல்ல, யாரு வச்சது என்றாள். முந்தின நாள் என்னைத் திட்டியது மெஷினில் அப்படியே இருந்திருக்கிறது. தன்வீர் மெஷினின் ஃபேன் ஓட்டையை இன்னொரு தரம் துடைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்கணுமே, மடைதிறந்த மாதிரி பேசினாள். வேலைக்கு வருகிற கனகாவை ஜன்னல் தூசிக்காக ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பெண் திட்டு வாங்கிக்கொண்டே அழுதாள், சந்தோஷத்தில். நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். என்னைப்போல் ஒரு மடையன் உண்டா சொல்லு.

மறுநாள் சாயங்காலம் கதவைச் சாத்தச் சொன்னாள். காளி பூஜை கழிந்ததும் தொண்டையில் துளை போட்டு மூச்சுக் குழாய் வைக்க டாக்டர் நாள் குறித்திருக்கிறாரே, உன்னிடம் சொன்னேனே, அதைப் பற்றித்தான். என்னங்க, எனக்கு அது வேண்டாம், மூச்சு நிக்கிற அன்னைக்கு நிக்கட்டும் என்றாள். டாக்டர் கேட்டபோது சரி என்றாயே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த மனுஷன் கதவுகிட்ட போயிட்டாருங்க, அதுக்குள்ள இந்த மெஷின்ல சரிங்கறது ஒண்ணுதான் வரும், வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரு, அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிருக்கும் என்றாள். பிறகு அந்த ஏனுக்குப் பதிலையும் சொன்னாள், ஜும்கி. குழாயில் கட்டிப்போட்டு வருஷக்கணக்காகக் கூரையைப் பார்க்கிற வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று ஒன்று விடாமல், கோபமில்லாமல், பால்காரனுக்குக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். அவள் சரி என்றாள், சரி என்றாள் என்று இத்தனை மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மெஷினை அப்படியே விட்டிருந்தால் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தக் கையாலேயே கொண்டுபோய் மாற்றி வந்தேனே என்று நெஞ்சு எரிகிறது, அப்படி எரிவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் அவளே சொல்லப்போகிறாளாம், அதற்குள் உனக்குத் தெரியக்கூடாது என்றாள், எனக்குத் தாங்கவில்லை. அவள் சொல்லும்போது நடுவில் பேசாதே, அழாதே, முடிக்க விடு. பிறகு எப்படியாவது டிக்கெட் போட்டு வா. தினமும் விளக்கு வைத்ததும், நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்கிறாள். கேட்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆவதில்லை. நான்தான் மாத்திரை எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன், திரும்பி வந்தால் கண் அந்தக் கேள்வியிலேயே நிற்கிறது.

துர்க்கை உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். காதை மூடி மப்ளர் கட்டிக்கொள். அவளிடம் சரி என்று சொல்வதா, மாட்டேன் என்று சொல்வதா, எனக்கு இரண்டும் வாயில் வரவில்லையம்மா, நீயாவது வந்து என் பக்கத்தில் நில்.

உன் பாபா,
புலின் சாமந்தா