சிவப்புத் துணி கட்டிய கிளை

ஜன. 9, வெள்ளி

பனி. நெடுஞ்சாலை தெரியவில்லை, லாரிச் சத்தம் மட்டும். பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

மாடியிலிருந்து பைன் தொட்டியைக் கீழே இறக்கினேன். ஒன்றரை அடி போன்சாய் மரம். ஓசூர் நர்சரியில் மல்லிகா வாங்கியது. நம் ஊர்ச் சூட்டுக்குப் பிழைக்காது என்று அன்றே சொன்னேன், தாவரவியல் எம்.எஸ்சி. படித்த திமிரில். பிழைத்துக்கொண்டது. கிளைகளை வளைக்க அவள் சுற்றிய கம்பி இப்போது பட்டைக்குள் இறங்குகிறது. கார்த்திகையில் அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு யாரும் தொடவில்லை.

கம்பியை உருவினால் பட்டை உரியும். துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன். மதியம் வரை அதே வேலை. லீவில் இருக்கிறேன், வேறு வேலையும் இல்லை.

10, சனி

ஒரே உயரத்தில், எதிரெதிராக இரண்டு கிளைகள். இரண்டையும் விட்டால் அந்த இடத்தில் தண்டு புடைத்துவிடும். ஒன்று போக வேண்டும்.

இடது: தடி, அடர்ந்த ஊசியிலை.
வலது: மெலிசு, கீழே சாய்வு, நுனியில் மட்டும் பச்சை. அதில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசல். மல்லிகா கட்டியது.

அப்படியானால் அவளே முடிவு செய்துவிட்டாள். எங்கள் வனத்துறை ஆபீசில் வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் குறி போடுவார்கள். அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்தே தலை நரைத்தது. (என்னிடம் ஃபைல் எழுதக் கற்றவன் இப்போது எனக்கு மேலே. என் லீவு லெட்டரில் ‘காரணம் போதாது’ என்று எழுதுகிறான்.)

பைனை வெட்டினால் வெட்டியதுதான். முருங்கை மாதிரி மொட்டைக் கட்டையிலிருந்து துளிர்க்காது.

மல்லிகாவையே கேட்கலாம். பேச்சுதான் இல்லை, ஆமாம் இல்லை என்று தலையாட்டுகிறாள். ஆனால் அதற்கு அவள் தம்பி குமரேசனுக்கு போன் போட வேண்டும். ஆஸ்பத்திரி வராண்டாவில், எல்லார் முன்னாலும், “நீங்க ஒரு சொம்பு தண்ணி மோந்து குடிக்க மாட்டீங்க மாமா. அக்கா எங்க வூட்லயே இருக்கட்டுங்க” என்று சொல்லிப் பென்னாகரத்துக்குக் கூட்டிப்போனவன். மரியாதையாகத்தான் சொன்னான். அதனால்தான் மறக்கவில்லை.

போடவில்லை.

11, ஞாயிறு

கு. அவனாகவே கூப்பிட்டான்.

“மாமா, சனிக்கெழம அக்காவ கூட்டியாறோங்க. புடிச்சா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“சரி.”

“சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“அக்காகிட்ட ஏதாச்சும் கேக்கணுங்களா? போன காதுல வெக்கறேன். நீங்க கேளுங்க, தலைய ஆட்டுறத நான் பாத்துச் சொல்றேன்.”

அவன் பார்த்து எனக்குச் சொல்லவேண்டுமாம்.

“ஒண்ணுமில்ல, வை.”

துவைத்த வேட்டி இன்னும் காயவில்லை.

13, செவ்வாய்

வெட்டிவிட்டேன். வலது. துணியை அவிழ்த்துக் கத்தரிக்கோல் டப்பாவில் போட்டேன். ஒரே வெட்டு. பிசின் வாசனை, பெயிண்டுக் கடை மாதிரி. வெட்டுவாயில் மெழுகு பூசினேன். மரம் இப்போது சரியாக இருக்கிறது. படத்தில் போடுவது மாதிரி.

ஒன்றும் தோன்றவில்லை. ரசம் வைத்தேன், உப்பு மறந்தேன்.

14, போகி

தெருமுனையில் பழைய பாய், டயர் எல்லாம் எரித்தார்கள். கிளையைக் கொண்டுபோய்ப் போட்டேன். படபடவென்று வெடித்தது. “என்ன சார், பட்டாசா?” என்று ஒருவன் கேட்டான். சிரித்து வைத்தேன்.

15, பொங்கல்

பொங்கல் வைக்கவில்லை. ஓட்டல் லீவு. பிஸ்கட்.

பக்கத்து வீட்டு பாத்திமா மதிலுக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணா, உங்க சொரக்கொடி எங்க செவுத்து மேல காய்ச்சித் தொங்குது. ரெண்டு பறிச்சிக்கட்டுங்களா?”

“எல்லாத்தையும் பறிச்சுக்கம்மா. இங்க யாரு சாப்பிடறா?”

“எல்லாத்தயுமா? அந்த ஒண்ணுல கைவெச்சா அக்கா வந்து என்னைக் கொன்னே போடும்! துணி கட்டி வுட்டிருக்குது பாருங்க, வெதைக்கி. யாரும் தொடக் கூடாதுன்னு.”

எட்டிப் பார்த்தேன். முற்றிக் காய்ந்த ஒரு காய். காம்பில் சிவப்புத் துணி. அதே பழைய புடவையின் கரை.

காட்டுவேலை செய்த குடும்பத்துப் பெண். யாரும் பறித்துவிடக் கூடாது என்றால் துணி கட்டுவாள். இத்தனை வருடம் இந்தக் கொடியின் காயைத்தான் தின்றேன். ஒருமுறைகூடக் கொடியைப் பார்த்ததில்லை.

பிஸ்கட் பாக்கெட் தீர்ந்தது.

16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். ஒலிபெருக்கி. போனை இரண்டு தடவை எடுத்தேன். இனி என்ன கேட்பது?

17, சனி

பதினொரு மணிக்கு வந்தார்கள். வலது கால் இழுக்கிறது, ஆனால் நடக்கிறாள். போர்ட்டிகோ நாற்காலியில் உட்காரவைத்தோம். தொட்டி எதிரே. உள்ளே தூக்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“மரத்த ஜம்முனு வெச்சிருக்கீங்க மாமா! மூஞ்சியில சவரம் மட்டும் காணோம்” என்றான் கு. பிறகு பெரியப்பா வீட்டைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வருவதாகக் கிளம்பினான். அவள் பையைக் காரிலிருந்து இறக்கவில்லை.

மல்லிகா மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கையை நீட்டி மெழுகைத் தொட்டாள். நகத்தால் சுரண்டினாள். என்னைப் பார்த்தாள்.

கிளை தானாகக் காய்ந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். “வெட்டிட்டேன்” என்றுதான் வந்தது. “உன்னக் கேட்டிருக்கணும். கேக்கல.”

முகத்தில் ஒன்றும் இல்லை. பாதி முகம் அசைவதே இல்லை, அதில் என்ன படிப்பது? கத்தரிக்கோல் டப்பாவைக் காட்டினாள். கொடுத்தேன். மடியில் வைத்துத் துழாவித் துணியை எடுத்தாள். மிச்சமிருந்த இடது கிளையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை. இரண்டு தடவை நழுவியது. பிறகு துணியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியை என் பக்கம் தள்ளினாள்.

முடிச்சுப் போட்டேன்.

நாலு மணி. வாசலில் கு.வின் ஹார்ன். மறுபடி ஹார்ன். மல்லிகா எழுந்திருக்கவில்லை. பையை வாங்கிவர நான்தான் போனேன்.