பொலிகார்ப்போவின் சட்டையும் என் நெஞ்சின் இரண்டு பாதையும்

ஒரூரோ, ஜனவரி 24

என் அருமை மகள் தெல்ஃபினாவுக்கு, இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் மூன்று பேர் நலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன், சாவ் பாவ்லோவில் நீயும் உன் தையல் மெஷினும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும்.

மகளே, உன் சித்தப்பா என் இதயம் சரித்திரத்தில் ஏறிவிட்டது. போன மாதம் பாண்டு ஒத்திகையில் என் பெரிய பித்தளை டியூபாவை ஊதும்போது சுவிட்சு போட்டது போல நெஞ்சு ஓட ஆரம்பித்தது, நிமிடத்துக்கு இருநூறு துடிப்பு, மலையில் மேய்ந்த லாமாக்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தன என்றால் நம்பு. விழுந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றது. பயத்தில் உயிர் கழன்று விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்று முடிவு கட்டிய உன் சித்தி பேசிலியா, என் சட்டையை அங்கே வீசி வீசி, வா எலியோதோரோ வா என்று கூப்பிட்டுக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தினாள். போர்த்தியதும் மறுபடி தடதட. காலரைப் பார்த்தால் பொலிகார்ப்போ என்று எழுதியிருக்கிறது! பாண்டு குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டைதானே. பெரிய மேளக்காரன் பொலிகார்ப்போவின் உயிர்தான் எனக்குள் புகுந்து மேளம் அடிக்கிறது என்று சித்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவனும் வந்து, "ரெண்டு நாளா எனக்குத் தாளம் தப்புது, என் உசுரத் திருப்பிக் குடுங்கண்ணே" என்கிறான்.

லா பாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் இறங்கப் பெரும்பாலும் ஒரு பாதைதானாம், எனக்கு இரண்டு, ஒன்று வேகம், ஒன்று மெது, சாதாரண மனிதனா நான்! மெதுவானதில் இறங்கி வேகமானதில் ஏறி, முச்சந்தியில் மாட்டிய ஊர்வலம் போல அங்கேயே சுற்றுகிறதாம். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு மெதுப்பாதையைச் சுட்டு அடைக்க வேண்டும், கை தவறி நல்ல பாதையும் போனால் துடிப்பு கொடுக்கத் தோளுக்குக் கீழே ஒரு மெஷின் வைக்க வேண்டிவரும், செய்யாவிட்டால் கார்னிவலில் டியூபாவைத் தொடக் கூடாது என்றாள் டாக்டர் சோக்கே. முப்பது வருடமாகக் கார்னிவல் ஊர்வலத்தில் மாதாவுக்கு நேர்ந்து ஊதுகிறவனிடம் சொல்கிற பேச்சா அது. சித்திதான் குறுக்கே நின்றாள். "பாதைய அடைச்சா இவரு உசுரு எந்த வழியா வீடு வரும்?" டாக்டர் சிரிக்காமல், "வேகமான வழி தெறந்தேதாம்மா இருக்கும்" என்றாள். சித்தி யோசித்து, "அப்ப அடைங்க. மெதுவான வழியில வந்து வந்துதான் இந்த மனுஷன் எல்லாத்துக்கும் லேட்டு" என்று கையெழுத்துப் போட்டாள்.

சுட்டார்கள் மகளே! முழித்துக்கொண்டே கிடந்தேன். சுட்டபின் அரை மணி நேரம் மின்சாரம் கொடுத்துக் கொடுத்துச் சீண்டிப் பார்த்தார்கள், என் இதயம் பிஷப் நடப்பது போல நடந்தது. நல்ல பாதைக்கு ஒரு கீறலும் இல்லை, மெஷினும் வேண்டாம். ஒரு வாரம் எதையும் தூக்காதே என்றார்கள். நேற்று ஆறாம் நாள், ஒத்திகைக்குப் போனேன், சத்தியமாகத் தூக்கவில்லை, பொலிகார்ப்போ டியூபாவைப் பிடித்துக்கொண்டான், நான் ஊத மட்டும் செய்தேன். குழுவே வாசிப்பதை நிறுத்திவிட்டு என் நெஞ்சைப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேர் அழுதார்கள், அதில் நான் முதல் ஆள்.

மாதா உன்னைக் காப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு, ஊசியிலிருந்து கண் எடுத்துக் கொஞ்சம் வானத்தையும் பார். ஒன்று மறக்காதே, ஒத்திகைக்குப் போனது சித்திக்குத் தெரியாது, போனில் கேட்டால் சித்தப்பா கட்டிலை விட்டே இறங்கவில்லை என்று எழுதியிருந்தார் என்று சொல்.

ஒற்றைப் பாதைக்காரனாகிவிட்ட உன் சித்தப்பா,
எலியோதோரோ

தெல்ஃபினா, நான் சித்தி. கவர் ஒட்டக் குடுத்தாரு, படிச்சிட்டேன். நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, தூங்குறப்ப நானும் காது வச்சுக் கேட்டேன். டியூபாவ எங்க அக்கா வீட்டுல பூட்டி வச்சாச்சு. கார்னிவல் அன்னிக்குக் காலைல குடுப்பேன்.