கடைசி பஸ்ஸுக்கு ஒரு சிறங்கை

பாவற்குளம் குடியேற்றம்,
பூவரசங்குளம்.
22-10-1961

இஞ்சாருங்கோ,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமென்று நானே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பதுளையிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தே கனகாலம். மாமாவின் கடையில் முத்திரைக்குப் பஞ்சமா, உங்கள் கைக்குப் பஞ்சமா என்று எழுதுங்கள்.

மழை விழுந்துவிட்டது. பக்கத்துக் காணி மயில்வாகனத்தார் தன் வயலை உழுத கையோடு எங்களுடையதையும் உழுது தந்தார். விதைப்பும் முடிந்தது. குடியேற்ற உத்தியோகத்தர் வந்து, “எங்கை அவர்?” என்று கேட்டார். கடைக்குப் போய்விட்டார், வந்துவிடுவார் என்றேன். கடை பதுளையில் என்று சொல்லவில்லை. காணியில் ஆள் இல்லையென்றால் காணி தந்த பேமிற்றை வெட்டிவிடுவார்களாம். அதனால் நான் இருக்கிறேன், காணியும் இருக்கிறது. இரண்டு போகம் பொய்த்ததற்கே வயலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போன நீங்கள்தான் இல்லை.

புறப்பட்ட அன்று சந்தியில் நின்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? “லீவு கிடைச்ச உடனை பஸ் ஏறிவிடுவன், கடிதம் போட்டுக்கொண்டு நிக்கமாட்டன். எப்பவும் எனக்கு ஒரு சிறங்கை கூடப் போட்டு வையும்.” அப்படியே போடுகிறேன். உலை கொதித்ததும் எனக்கு அளந்த அரிசிக்கு மேலே, கையைக் குவித்து அள்ளி உங்களுக்கு ஒரு சிறங்கை. வவுனியாவிலிருந்து வரும் கடைசி பஸ் சந்தியில் நின்று எடுக்கும் சத்தம் குசினிக்குக் கேட்கும். சந்தியிலிருந்து நீங்கள் நடந்துவரும் நேரம் கழிந்த பிறகுதான் கதவைச் சாத்துவேன். மிஞ்சின சோறு எங்கே போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரவில் மயில்வாகனத்தாரின் மனைவி அருந்ததியக்கா துணைக்கு வந்து படுக்கிறார். “புருசன் பக்கத்திலை இல்லாத பொம்பிளை மெலியிறதுதான் வழமை, நீ என்னடி பூசினாப்போலை வாறாய்?” என்று கேலி செய்கிறார். குளத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்றேன். கலியாணக் காப்பு கையைக் கொஞ்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

எப்போது வருவீர்கள்?

உங்கள்
கமலம்


பதுளை
09-11-1961

அன்புள்ள கமலத்துக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. பேச்சும் கிடைத்தது. இங்கே விடியப்புறம் தண்ணீரைத் தொட்டால் கை விறைக்கும் குளிர். தோட்டத்துச் சனம் சம்பளம் எடுக்கும் கிழமைகளில் கடையில் மூச்சுவிட நேரமில்லை. மாமாவுக்கும் முழங்கால் வருத்தம், எல்லாவற்றுக்கும் “தில்லைநாதன், தில்லைநாதன்” என்று என்னைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் ஒன்று, இங்கே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோவதில்லை. இதை எழுதினால் கோபிப்பீர், எழுதிவிட்டேன்.

கடைக்குப் பக்கத்துத் தையல்காரனிடம் உமக்கு நீலத்தில் ஒரு சட்டை தைப்பித்து இத்துடன் அனுப்புகிறேன். பழைய சட்டை ஒன்று கொண்டுவந்து தா, அளவு வேண்டும் என்றான். இல்லையென்று கையாலேயே காட்டினேன். சிரிக்கிறான். உம்முடைய அளவு எனக்கு மறக்குமா?

தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வருவேன். அந்தச் சட்டையோடு சந்திக்கு வந்து நில்லும்.

அன்புடன்
தில்லைநாதன்


பூவரசங்குளம்
23-01-1962

இஞ்சாருங்கோ,

பொங்கலும் போய், மாட்டுப்பொங்கலும் போய்விட்டது. பொங்கலுக்கு முதல் நாளிலிருந்தே பஸ்களில் சனம் தொங்கிக்கொண்டு வந்தது. சந்தியில் நின்றேன். யார் யாரோ இறங்கினார்கள். வேட்டி கட்டிய ஒருவர் கையில் பெட்டியோடு உங்கள் உயரத்தில் இறங்கினார், நான் இரண்டடி முன்னுக்குப் போய்விட்டேன். அவர் யாரோ செட்டிகுளத்துக்காரர், தவறி இங்கே இறங்கிவிட்டாராம்.

சட்டை வடிவாக இருக்கிறது. நல்ல நீலம். நீங்கள் வரும் நாளில் போடலாமென்று பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கதிர் பால் பிடித்திருக்கிறது. பன்றி வராமல் மயில்வாகனத்தார் காவல் கிடக்கிறார். அன்றைக்கு அவர் குளத்தில் பிடித்த விரால் தந்தார். நடுத்துண்டை உங்களுக்கு எடுத்து மூடி வைத்தேன். வழமைபோல பஸ் வந்தது, போனது.

எனக்கு உங்களைக் காணவேண்டும்போல இருக்கிறது. வேறு செய்தி இல்லை.

உங்கள்
கமலம்


பதுளை
08-05-1962

கமலாசனிக்கு,

நெல் ஏற்ற அங்கே வந்துபோன என் அண்ணர் சிற்றம்பலம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை நான் திரும்ப எழுத விரும்பவில்லை. நான் ஊரை விட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உம்முடைய உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று நேரே எழுதும். பகிடி விடவேண்டாம்.

தில்லைநாதன்


பூவரசங்குளம்
17-05-1962

இஞ்சாருங்கோ,

நீங்கள் அன்புள்ள என்பதை விட்டுவிட்டு வெறும் பெயரில் தொடங்கினீர்கள். நானும் அப்படித் தொடங்கலாமென்றால் உங்கள் பெயரை நான் சொல்லியும் அறியேன், எழுதியும் அறியேன். உறையில்கூட மாமாவின் பெயரைத்தான் எழுதுகிறேன். ஆனபடியால் பழையபடியே தொடங்கியிருக்கிறேன்.

அண்ணர் எழுதியதை நீங்கள் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். அவளுக்கு வயிறு வைத்திருக்கிறது என்றுதானே? முற்றத்தில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கொடுத்த தேத்தண்ணியை வாயில் வைக்காமல் போனார். அப்போதே விளங்கிவிட்டது. அவர் நினைத்ததற்கு நான் அழவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நீங்கள் கேட்டதற்குத்தான் அழுதேன்.

ஓம், உடம்பு வைத்துவிட்டது. நீலச் சட்டை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. வந்த அன்றே போட்டுப் பார்த்தேன். எழுத வெட்கமாக இருந்தது.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் அருந்ததியக்காவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போதிக்கரி ஐயா தராசில் ஏற்றினார், கட்டிலில் படுக்கவிட்டுப் பார்த்தார். “பிள்ளை, வருத்தமும் இல்லை, வயித்திலை பிள்ளையும் இல்லை. என்ன சாப்பிடுறனீர்?” என்று கேட்டார். எல்லோரையும் போலத்தான் என்றேன். இரவில் என்ன என்று கேட்டார். அருந்ததியக்காதான் சொன்னார்:

“இரண்டு தரம் சாப்பிடுறவ ஐயா. ஒண்டு தனக்கு, ஒண்டு புருசனுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. நாளுக்குக் கொஞ்சம் என்றபடியால் எனக்குத் தெரியவில்லையாம். உடம்பு அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் சேர்த்து வைக்குமாம். பட்டினி கிடக்கவேண்டாம், அந்த ஒரு சிறங்கையை நிற்பாட்டினால் போதும் என்றார்.

வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? வயலில் கஷ்டப்பட்டு விளைந்த சோற்றைக் கொட்ட எனக்குக் கை வராது. நாய்க்கு வைக்கலாமென்றால் அது உங்களுக்கென்று எடுத்த சோற்றுக் கோப்பை. தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சோறு. ஆனால் தண்ணீர் ஊற்றினால் நீங்கள் இன்றைக்கு வரமாட்டீர்கள் என்று நானே சொன்னதாகிவிடும். அதனால் பஸ் போன பிறகும் இருந்து பார்த்துவிட்டு, உங்கள் கோப்பையை எடுத்து, உங்கள் பலகையில் இருந்து, நானே சாப்பிடுவேன். பசியில்லை. அந்த நேரம் மட்டும் நீங்களும் நானும் சேர்ந்து சாப்பிட்டதுபோல இருக்கும்.

ஒரு நாளில் ஒருத்தரும் தடிப்பதில்லை. காலையில் எழும்பினால் நேற்றைய கமலம்தான். மாற்றத்தைக் கண்டு சொல்லவேண்டிய கண் பதுளையில் இருக்கிறது. நீங்கள் இங்கே இருந்திருந்தால், என்னப்பா காப்பு இறுகுது என்று முதல் மாதமே சொல்லியிருப்பீர்கள். இருந்திருந்தால் சொல்லவேண்டியும் வந்திராது, உங்கள் சோற்றை நீங்களே தின்றிருப்பீர்கள்.

அண்ணர் என்னுடலில் கண்டது வேறு யாருடையதும் அல்ல. நீங்கள் வராத நாட்களின் சோறுதான் அது. அவருக்கு இதை எழுதுங்கள், எழுதாமல் விடுங்கள். நீங்கள் வந்து பாருங்கள். அதுதான் எனக்கு வேண்டும்.

உங்கள்
கமலம்


பதுளை
28-05-1962

அன்புள்ள கமலத்துக்கு,

உம்முடைய கடிதத்தைச் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுதான் வாசித்தேன். மாமா கூப்பிட்டார், போக முடியவில்லை. என்னை மன்னியும் என்று எழுதுவது லேசு, எந்த முகத்தோடு எழுதுவது? அண்ணருக்குக் கடுமையாக எழுதிவிட்டேன். இனி அந்த வீட்டு முற்றத்தில் நின்று அவர் உம்மைப் பார்க்கும் பார்வை அதுவாக இராது.

ஆவணியில் மாமா நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறார். அவர் திரும்பி வந்த அடுத்த நாள் நான் புறப்படுவேன். இந்தமுறை இது சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்போதிக்கரி சொன்னதைக் கேளும், நீர் சாப்பிடவேண்டாம். விடிய எடுத்துக் கோழிக்குப் போடும். ஆனால் எனக்குப் போட்டு வைப்பதை மட்டும் நிற்பாட்டவேண்டாம். இந்தக் குளிரில் கடைப் பலகையில் சரியும்போது, எங்கள் குசினியில் எனக்கு ஒரு கோப்பை மூடிக் கிடக்கிறது என்ற நினைப்பில்தான் நித்திரை வருகிறது. அது இல்லையென்றால் நான் யாருடைய வீட்டுக்காரன்?

உமது
தில்லைநாதன்


பூவரசங்குளம்
20-02-1963

அன்புள்ள தில்லைநாதன் அவர்களுக்கு,

சூடடித்து முடிந்துவிட்டது. இந்த முறை நல்ல விளைச்சல். குடியேற்ற உத்தியோகத்தர் களத்துக்கு வந்து நெல்லை அள்ளிப் பார்த்து, “நல்லாய்ச் செய்திருக்கிறீர் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்கே என்று கேட்கவில்லை.

ஆவணி போனபோது மாமாவின் முழங்கால் என்று எழுதினீர்கள். ஐப்பசியில் தீபாவளி வியாபாரம் என்று எழுதினீர்கள். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. படத்தில் கரும்பு வடிவாக இருந்தது. நான் மறுமொழி எழுதவில்லை. எழுத வேண்டியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபடி போட்டுத்தான் வைத்தேன். விடிய எழும்பிக் கோழிக்குப் போட்டேன். நான் நிற்பாட்டவில்லை, அதை நீங்கள் நம்பவேண்டும். மார்கழியில் ஒரு நாள் பெருமழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தது. மயில்வாகனத்தார், அருந்ததியக்கா, நான், எல்லோரும் பொழுதுபடும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் வெட்டிப் போட்டோம். வீட்டுக்கு வந்து ஈரத்தோடு உலை வைத்து, சாப்பிட்டு, பானையைக் கழுவும்போதுதான் தெரிந்தது, உங்களுக்குப் போட மறந்துவிட்டேன். பஸ் போன சத்தமும் கேட்கவில்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அருந்ததியக்கா தலையைத் தடவிவிட்டார்.

அடுத்த நாள் நினைவாகப் போட்டேன். இரண்டொரு நாள் கழிய மறுபடியும் மறந்தேன். பிறகு போட்ட நாட்கள் குறைந்தன, மறந்த நாட்கள் கூடின. எந்த நாளில் அடியோடு நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உடம்பும் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. காப்பு தானாகவே மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

நேற்றுப் பெட்டியைத் திறந்து நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அளவாக இருக்கிறது. தையல்காரனுக்கு நீங்கள் கையால் காட்டியது பிழையில்லை. அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கதவடியில் நின்றேன். உங்களைக் காணும் ஆசை போய்விட்டதென்று எழுதினால் அது பொய். கிடக்கிறது. முன்போல என்னைப் பசிக்காமலே சாப்பிட வைக்கும் ஆசையாக இல்லை.

வரவேண்டாம் என்று நான் எழுதவில்லை. வீடும் உங்களுடையது, வயலும் உங்களுடையது. ஆனால் நினைத்தவுடன் பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் ஒரு கடிதம் போடுங்கள். இப்போது நான் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போடுகிறேன்.

இப்படிக்கு
கமலாசனி