இடப்புறம் மடிந்த அணியுறை

கழியும் கானற்சோலையும் வளம் பொலிக. நெடுங்கழி நாட்டுத் தலைமை அமைச்சன் கோட்புலி அமுதன், வடதுறைக் கோட்டை காக்கும் எயில்நம்பி வேளாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் உறுதியாய் நிற்க. தங்கள் வீரர் நோயின்றி வாழ்க.

தாங்கள் நேற்று விடுத்த ஓலை இன்று அரசர் திருமுன் வாசிக்கப்பட்டது. அக்கரை நாட்டுக்கு மணமகளாய்ப் புறப்பட்ட இளவரசி செங்கழுநீர் நங்கையாரின் உருவில் ஓர் ஆவி மூன்று பகலாய்க் கோட்டை வாயிலில் நிற்கிறது என்றும், சீப்பும் நகையும் வைக்கும் அவரது அணியுறை படகில் இடப்புறம் மடிந்திருக்கக் கண்டு படகோட்டிகளும் தோழியரும் நீரில் குதித்துத் தப்பி வந்தனர் என்றும், அதனை ஓட்ட ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்.  கேட்ட அரசர், அவ்வுறையைச் செய்த தோல்வினைஞன் அழிசியை அழைத்து வரப் பணித்தார்.

அழிசி கெட்டிக்காரன், அதுவே வினையாயிற்று. ஆடும் படகில் பெட்டியைத் திறந்து சீப்பைத் தேடினால் மைக்குப்பி கவிழ்கிறது என்று இளவரசியார் குறைப்பட, அவன் மான்தோலில் மூன்று மடிப்பாய் ஓர் உறை வகுத்தான். விரித்து ஆணியில் மாட்டினால் சீப்பும் கண்ணாடியும் தோடும் மோதிரமும் தத்தம் பையில் கண்முன் நிற்கும். மடித்தால் கக்கத்தில் அடங்கும். படகு வடக்கே போகையில் கடற்காற்று இடப்புறம் அடிக்கும் என்று எண்ணி, இட மடிப்பு மேலே வந்து வலப்புறம் மூடும்படி தைத்தான். இவ்வமைச்சனே அதன்மேல் ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு துளியும் புகவில்லை. அவையே மெச்சியது.

இறந்தோரின் சீப்பையும் கண்ணாடியையும் துணியில் வைத்து, இடப்பக்கத்தை வலப்பக்கத்தின்மேல் மடித்துக் கழிநீரில் விடுவது நம் வழக்கம். உயிரோடு இருப்பவர் பொருளை அப்படி மடிப்பார் இந்நாட்டில் இல்லை. இது பால் மணம் மாறாப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் அன்று அனைவரும் தண்ணீரைப் பார்த்தோமே தவிர மடிப்பைப் பார்க்கவில்லை.

படகு போன மூன்றாம் நாள் அழிசியின் அண்டை வீட்டுப் பெண் இறந்தாள். அவள் பொருள்களை மடிக்க அவனை அழைத்தனர். துணியின் இடப்பக்கத்தைத் தூக்கியதும், தான் தைத்த உறையும் இப்படியே மடிவது அவனுக்கு விளங்கியது. பட்டறைக்குத் திரும்பினான். உச்சி வெயிலில் இளவரசியார் வாயிற்படியில் நின்றார். கூந்தலில் நீர் சொட்டியது. சீப்பு எங்கே என்று கேட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அவன் பட்டறையை மாற்றினான், அங்கும் வந்தார். முதுகு காட்டி அமர்ந்தால் நீர் சொட்டும் ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தால் தரை காய்ந்திருந்தது. சொன்னால் தலை போகும் என்று அஞ்சி வாய் மூடிக் கிடந்ததாக அவன் அரசர்முன் அழுதான். அவன்மேல் சினம் வந்தது. அதைவிட இவ்வமைச்சனுக்குத் தன்மேல் வெட்கம் வந்தது.

பூசகர்கள் எல்லோரும் வாயிலில் நிற்பது ஆவியே என்றனர். அழிசி மட்டும், தங்கள் ஓலையை மறுபடி வாசிக்க வேண்டினான். அதில் ஓரிடத்தில், அவ்வுருவம் காவலரைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு பிடி சோறு கேட்கிறது என்று தாங்களே வரைந்திருந்தீர். தன் வாயிலுக்கு வந்தது ஒருநாளும் சோறு கேட்டதில்லை என்றும், பசி உயிருக்கே உரியது என்றும், இளவரசியார் இறந்தவர் அல்லர், தவறியது தன் தையலே என்றும் அவன் கூறினான். அரசர் எழுந்து நின்றார். தம் மகளுக்கு மூன்று நாள் சோறு மறுத்தது தம் கோட்டையே என்று சொல்லி, ஓலையும் முத்திரையும் கொண்டுவரப் பணித்தார்.

ஒன்றை மறைப்பது அறமன்று. இன்று நண்பகல் அழிசியின் வாயிலில் எவரும் வந்து நிற்கவில்லை. இது நற்குறியோ தீக்குறியோ அவன் அறியான், இவ்வமைச்சனும் அறியான். ஆதலின் நால்வர் மாறி மாறித் துடுப்பு வலிக்கும் ஓடத்தில், அழிசியின் கையிலேயே இவ்வோலை வருகிறது.

நாரை முத்திரை பொறித்து அரசர் இடும் ஆணை இது. இவ்வரியை வாசித்த வாயை மூடுமுன் கதவைத் திறப்பீராக. முதலில் கஞ்சி கொடுப்பீராக. வணக்கமும் மன்னிப்பும் பிறகு. ஆவி என்று எவன் சொன்னாலும் அவனை மதிலுக்கு வெளியே நிறுத்துவீராக. இளவரசியார் உயிரோடு இருப்பின், அவர் கண்முன் அழிசி அந்தத் தையலைப் பிரித்து, உறை வலப்புறமிருந்து மூடும்படி மாற்றித் தைப்பான். அவனுக்குரிய தண்டனையை அவரே சொல்வார். உயிரோடு இல்லையெனில் அழிசி அதைத் தொட வேண்டியதில்லை. உறை சரியாகவே மடிந்திருக்கிறது.