வெயிலுக்கு அளவெடுத்த வீடு

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

உன் தையல்காரன் எழுதிக்கொள்வது. உடம்பு நன்றாக இருக்கிறது. இருமல் போய்விட்டது. போனில் நீ கேட்டபோதெல்லாம் போய்விட்டது என்று சொன்னது பொய், இப்போது சொல்வது நிஜம். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்றாயே, கட்டிலில் தனியாக விட்டுவிட்டு நகராதே. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தினமும் பேசும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாயிற்றா என்பாய், நான் ஆயிற்று என்பேன், அதற்குள் குழந்தை அழும். வீட்டுச் சமாசாரத்தை அப்படி அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனசில்லை. குழந்தை தூங்கும்போது உட்கார்ந்து நிதானமாகப் படி. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும்.

இந்த வாடகை வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. இந்த மலையூரில் குளிர் வந்தால் உன் விரல்கள் மடங்காது. காலையில் தெருமுனை மருந்துக்கடை வாசலில் விழும் வெயிலில் நின்று விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாய். ஒருநாள் கடைக்காரர் பாவம் பார்த்து உனக்கு முக்காலி எடுத்துப் போட்டார், ஞாபகமிருக்கிறதா? எனக்கு அன்றைக்குச் சுருக்கென்றது. என் பெண்டாட்டி வெயிலுக்காக இன்னொருவர் வாசலில் உட்காருவதா? நாம் வாங்கிப்போட்ட மேட்டு மனையில் வீடு கட்டினால் வெயில் வீட்டுக்குள் வருகிற மாதிரிதான் கட்டுவது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

மகளோடு படித்த இன்ஜினியர் பெண்தான் வீட்டுப் படம் வரைந்து கொடுத்தாள். நம் மாடிப்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள், இப்போது மூக்குக் கண்ணாடியெல்லாம் போட்டுக்கொண்டு பெரிய மனுஷியாகிவிட்டாள். வந்ததும் எத்தனை அறை வேண்டும் என்று கேட்கவில்லை. யார் முதலில் எழுந்திருப்பார்கள், எந்த நேரத்தில் எங்கே உட்காருவீர்கள், யாருக்குக் குளிர் ஆகாது என்றுதான் கேட்டாள். நானும் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால் அப்படித்தானே கேட்பேன், உட்கார்ந்து செய்யும் வேலையா, நின்று செய்யும் வேலையா என்று. அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வீட்டின் நீளமான பக்கம் தெற்கே பார்க்கிறது. அந்தப் பக்கம் பூராவும் கண்ணாடி ஜன்னல். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகப் போவதால் வெயில் அறையின் பாதி வரைக்கும் வந்து படுத்துக்கொள்ளும். கோடையில் அது உச்சிக்கு ஏறிவிடும். அப்போது கூரையின் விளிம்பு, தொப்பியின் முன்பக்கம் கண்ணை மறைப்பதுபோல, ஜன்னலுக்கு நிழல் கொடுத்துவிடும். தரையும் நடுச்சுவரும் கனத்த கல். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். குளிர்காற்று அடிக்கும் வடக்குப் பக்கத்தில் குளியலறையும் சாமான் அறையும். இது கோட்டுக்கு லைனிங் வைப்பது மாதிரி அல்லவா என்றேன். "மாமா, நீங்க எதைப் பாத்தாலும் சட்டையாத்தான் பாப்பீங்களா" என்று சிரித்தாள். அடுப்பு மூட்டவே வேண்டாமா என்று கேட்டதற்கு, ரொம்பக் கடுங்குளிர் நாட்களில் கொஞ்சம் வேண்டியிருக்கும், மற்ற நாட்களை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றாள். சூரியன் இறங்கியதும் ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்த சூடெல்லாம் கண்ணாடி வழியாகவே போய்விடுமாம். திரை என் பொறுப்பு. துணி மாதிரிகளை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், நிறம் நீதான் சொல்ல வேண்டும். நான் எடுத்தால் நன்றாக இல்லை என்று சொல்லப்போகிறாய்.

சமையலறை கிழக்கு மூலையில். முதலில் எழுந்திருப்பது நீ, அதனால் முதல் வெயில் உனக்கு. என் மெஷின் மேற்கு மூலையில். மத்தியானத்துக்கு மேல்தான் எனக்கு வேலை ஓடும் என்பது ஊரறிந்த விஷயம்.

எல்லாம் சரி, ஆனால் டிரையல் பார்க்காமல் நான் எந்த உடுப்பையும் கொடுத்ததில்லை. வீட்டுக்கு மட்டும் எப்படி விடுவேன்? அதனால் முதலில் துணியில் தைத்துப் பார்த்துவிட்டேன். சிரிக்காதே. நம் பழைய படுக்கை விரிப்புகள், போர்வைகள், கடையில் மிஞ்சிய லைனிங் துணி எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுச் சுவர் சுவராகத் தைத்தேன். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. கொத்தனார் மனையில் கழிகளை நட்டுக் கொடுத்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "சர்க்கஸ் எப்பண்ணே ஆரம்பிக்குது" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்கட்டும். நீ பார்த்திருக்க வேண்டும். காற்று வரும்போது வீடு முழுவதும் மெதுவாக மூச்சை இழுத்து விட்டது. மேகம் விலகினால் சுவர்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றினதுபோல ஆயின. நான் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெயில் காலடிக்கு வந்தது, முழங்காலுக்கு ஏறியது, அப்புறம் தானாக நகர்ந்து அடுத்த அறைக்குப் போயிற்று. நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நம் பழைய நீலப் பூப்போட்ட விரிப்பில் வெளிச்சம் பட்டுத் தரையெல்லாம் லேசான நீலம். வேலைவெட்டி இல்லாதவன் என்று நீ திட்டுவாய். திட்டு, கேட்டு ரொம்ப நாளாகிறது.

மறுநாள் விடியும்போதே டீயை ஊற்றிக்கொண்டு போனேன், உன் சமையலறையில் முதல் வெயில் விழுவதைப் பார்க்க. விழவே இல்லை. உன் மூலை இருட்டாகக் கிடக்கிறது, என் மெஷின் மூலையில் வெயில் கொட்டுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூரியன் திசை மாறிவிட்டதா என்று ஒரு கணம் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தேன்.

தப்பு என்னுடையதுதான். துணியில் கோடு போடும்போது நாங்கள் உள்பக்கத்தில்தான் போடுவோம், மாதிரிக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து. வெளிப்பக்கத்தில் சாக்கட்டி படக்கூடாது. கைக்குப் பழகிய பழக்கம். அந்தப் பெண் வரைந்ததைப் பழுப்புக் காகிதத்தில் வெட்டியவன், அதையும் கவிழ்த்து வைத்து, முதுகுப் பக்கத்தில் அளவுகளை எழுதிக் கொத்தனாரிடம் கொடுத்திருக்கிறேன். தெற்கு தெற்காகவே இருந்தது. கிழக்கும் மேற்கும் இடம் மாறிக்கொண்டன. உன் சமையலறை மேற்கே போய்விட்டது. கொத்தனாரிடம் சொன்னேன். "நல்லவேளைண்ணே, துணியோட போச்சு" என்றார்.

பிரித்துத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று சாயங்காலம் போனேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். இங்கே சாயங்காலம் என்றால் கடல் தாண்டி உனக்கு அங்கே காலை. ஜன்னலோரம் நின்று பேத்திக்குப் பால் கலக்குகிறேன், கையில் வெயில் படுகிறது, விரல் நன்றாக மடங்குகிறது என்றாய். நான் நின்றிருந்தது உன்னுடைய சமையலறையில்தான், மேற்கே போய்விட்ட அந்தச் சமையலறையில். எனக்கும் கையில் வெயில். உனக்கு ஏறுகிற வெயில், எனக்கு இறங்குகிற வெயில், இரண்டும் ஒரே சூரியன். நீ பேசி முடிக்கிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்கிற மாதிரியே இருந்தது. கவிழ்த்து வெட்டிய அந்த வீடு உன்னுடைய கடிகாரத்துக்குச் சரியாக இருந்தது.

அன்றைக்குத்தான், மகள் "இனிமே எங்களோடயே இரும்மா" என்று கேட்டதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நானும் இருமலைப் பற்றியே பேசினேன். என்னையும் வரச் சொன்னாள் என்றாய். வந்து அங்கே யாருக்கு அளவெடுப்பேன்? ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பச்சைக் குழந்தை, வேறு யாரிடம் கேட்பாள். நீ அங்கேயே இருப்பதென்றால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். தூக்கி வைத்துக்கொண்டாலும் பார்க்க யார் இருக்கிறார்கள்.

அதனால் துணியைத் திருப்பிக் கட்டாமல் விட்டுவிட்டு வந்தேன். பனி இறங்கினால் மண் கல்லாகிவிடும், அதற்குள் அஸ்திவாரம் தோண்ட வேண்டும் என்று கொத்தனார் நிற்கிறார். இன்ஜினியர் பெண்ணைக் கேட்டேன். தெற்கு மாறாதவரை எப்படிக் கட்டினாலும் வீடு சூடாகத்தான் இருக்கும், மேற்கு வெயிலுக்கு மட்டும் கோடையில் நிழல் தரும் மரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

என் கேள்வி இதுதான். சமையலறை கிழக்கிலா, மேற்கிலா? கிழக்கு என்றால் சமையல் மேடையை உன் உயரத்துக்கு வைக்கச் சொல்வேன். உன் அளவு எனக்கு நாடா இல்லாமலே தெரியும். மேற்கு என்றால் என் உயரத்துக்கு. தனி ஆளுக்குக் காலை வெயில் எதற்கு? சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு, நீ கூப்பிடும்போது அங்கே நின்று பேசுவேன். அதுவும் வீடுதான்.

பேத்திக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளும்படி ஓரத்தில் நிறையத் துணி மடித்திருக்கிறேன். வீட்டிலும் அப்படி ஓர் அறை விட்டிருக்கிறது என்று மகளிடம் சொல், வந்தால் அவர்களும் தங்கலாம். குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உன் விரல்களுக்கு எப்போதும் வெயில் கிடைக்கட்டும், அது எந்த ஊர் வெயிலாக இருந்தாலும்.

இப்படிக்கு,
உன் தையல்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நேற்று மனசு கேட்காமல் போய், துணியைப் பிரித்துச் சரியான பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். இன்று காலை வெயில் முதலில் உன் மேடை வரப்போகிற இடத்துக்குத்தான் வந்தது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. குளிராகத்தான் இருந்தது, ஆனாலும் நான் அதில் போய் நிற்கவில்லை. அது உன் இடம். நீ இல்லாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

பதிலுக்கு ஒரு சொல் போதும். கிழக்கு என்றால் இதைப் படித்ததுமே கூப்பிட்டுச் சொல்லிவிடு. மேற்கு என்றால் மட்டும் கடிதத்திலேயே எழுது, அதுவும் கொஞ்ச நாள் கழித்து எழுது. கொத்தனாரை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.